மூன்று பிடி மண்

நெய்வேலி
12-6-1965

வள்ளியம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கேட்டபடி டிரங்குப் பெட்டியையும் தையல் மிஷினையும் பண்ருட்டிக்குத் திரும்பும் பலாப்பழ லாரியில் ஏற்றிவிட்டேன். மண்டியில் உன் அண்ணன் கண்ணையன் பேரைச் சொன்னால் இறக்கித் தருவார்கள்.

பையனுடைய நீலச் சட்டையைக் கேட்டிருக்கிறாய். அது இல்லை. அடிபட்ட அன்றைக்கு அவன் தொடைக்குக் கட்டுப் போட அதைத்தான் கிழித்தார்களாம்.

கடிதத்தின் தலைப்பில் 'கொளஞ்சியப்பன் அப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறாய். புருஷன் பேரைச் சொல்வதில்லை என்கிற உன் கட்டுப்பாடு எனக்குத் தெரியும். இந்த வீட்டில் இருந்த வருஷமெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டாய். இனிமேல் வேண்டாம். 'ஐயா' என்று எழுதினாலே போதும்.

நான் ஏன் அப்படி நடந்துகொண்டு உன்னையும் அனுப்பிவிட்டேன் என்று பண்ருட்டியில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்களாம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்து.

பங்குனியில் மண் ஏற்றும் காண்டிராக்ட் லாரி பின்னால் வந்தபோது கொளஞ்சியப்பன் லாரிக்கும் மண்கரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். தொடையும் இடுப்பும் நசுங்கிவிட்டன. காண்டிராக்டரின் முதலுதவிக் கொட்டகையில் ஏதோ ஒரு பாட்டிலை மாட்டி, குள்ளஞ்சாவடிப் பக்கம் இருக்கும் லூசியா மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் நின்றவன் நான். சோதித்துப் பார்த்தவர் வெளியே வந்து, "உங்க ரத்தம் பையனுக்குச் சேரலைங்க" என்றார். அது உன் காதிலும் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான்.

நான் படித்தவன். மனிதர்கள் சொல்வதைவிட ரத்தம் சொல்வதை நம்புகிறவன். நம் கல்யாணத்துக்கு முந்தின மாதம்வரை உன்னை உன் மாமன் மகன் தங்கராசுவுக்குத்தான் பேசியிருந்தார்கள். கல்யாணமான எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தான். அன்றைக்கே என் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அதைப் பற்றி உன்னிடம் நான் கேட்டதில்லை, ஆனால் மறந்ததுமில்லை. குழியருகே தகப்பன் போட வேண்டிய மூன்று பிடி மண்ணை நான் போடாததற்குக் காரணம் இதுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், உன் அண்ணன் போட்டான். எனக்கு உரிமையில்லாத இடத்தில் கை நீட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ஆபீசிலும் இல்லை, இடுகாட்டிலும் இல்லை.

இதில் கோபம் எதுவும் இல்லை. கணக்கு ஒத்துவருகிறது, அவ்வளவுதான்.

வைத்திலிங்கம்


பண்ருட்டி
27-6-1965

கொளஞ்சியப்பன் அப்பாவுக்கு,

வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் மேஸ்திரியை 'ஐயா' என்றுதான் கூப்பிடுகிறேன். அதையே உங்களுக்கும் எழுத மனம் வரவில்லை. உறைமேல் உங்கள் பேரை அண்ணன் மகள் தமயந்தி எழுதித் தருகிறாள்.

பெட்டி வந்தது. மிஷினில் ஊசி முறிந்திருக்கிறது. எழுத்து கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தால் மன்னிக்கவும், கொட்டைப் பால் பட்டு விரல் வெந்திருக்கிறது.

வரிசையாக எழுதினீர்கள். அதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. சேரவில்லை என்று சொன்னதும் நீங்கள் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டீர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். அண்ணனிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சேரவில்லை. இவனோடு லாரியில் வேலை செய்த தைரியநாதனிடம் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சேரவில்லை. அப்புறம் நான் கையை நீட்டினேன். "நீ தாங்கமாட்டேம்மா, வேணாம்" என்றார்கள். "பெக்கறப்ப தாங்கினேனே" என்றேன். எடுத்தார்கள். என் ரத்தமும் சேரவில்லை.

அப்படியானால் அவனை நானும் பெறவில்லையா?

இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். குழியடியில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. அத்தனை பேர் பார்த்தார்கள். உங்கள் பங்காளிகள் பார்த்தார்கள். அண்ணன்தான், "மச்சான், போடுங்க மச்சான்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானே குனிந்தார்.

தங்கராசு மாமாவைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் நான் குற்றவாளியாக நின்று வாதாடுவதுபோல் ஆகிவிடும்.

அவனை அந்த லாரியின் பின்னால் நிறுத்தியது யார் என்று நானும் கேட்கலாம். உங்கள் ஆபீசில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பர்மனெண்ட் ஆகியிருப்பான். நான் அதைச் சொல்லி அழும்போதெல்லாம், "அப்பா யார்கிட்டயும் போயி நிக்கமாட்டாரும்மா, வுடு" என்று சிரிப்பான். அந்தப் பாட்டில் ஏறியிருந்ததால் ஆஸ்பத்திரியில் அவனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டான்: "அப்பா லீவு போடாம வந்துட்டாரா? சம்பளம் புடிச்சிடுவாங்களே." அவன் பேசியது அதுதான் கடைசி.

வள்ளியம்மாள்


நெய்வேலி
10-7-1965

வள்ளியம்மாளுக்கு,

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் வேறு வேறு வகையாக இருக்கலாம். இது எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆகையால் உன் ரத்தம் சேராததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த விதி தகப்பனுக்கும் பொருந்தாதா என்று நீ கேட்பாய். பொருந்தலாம். நான் ரத்தத்தை மட்டும் வைத்துப் பேசவில்லை, எட்டாம் மாதத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

பர்மனெண்ட் விஷயத்தை இழுத்திருக்கிறாய். பி.ஏ. படித்த எனக்கே இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்த சங்கரலிங்கத்துக்கு நிலம் எடுப்புப் பிரிவில் சூப்பிரண்டு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரு பேப்பரில் பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரியாது. போன வாரம் வராந்தாவில் என்னைப் பார்த்து, "என்ன சார், உடம்பு எப்படி இருக்கு" என்று தோளில் கை வைக்கிறான். எந்தச் சேரியிலிருந்து வந்து எந்த நாற்காலிவரை போகலாம் என்பதை எனக்குப் பதினெட்டு வயதிலேயே சொல்லித்தந்துவிட்டார்கள். அவர்களிடம் போய் நின்று எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிய பையனுக்கு வேலை கேட்க என்னால் முடியாது. அவன் அதைப் புரிந்துகொண்டதாகவே நினைக்கிறேன்.

இருந்தாலும் நாலு பேர் ரத்தம், நாலும் சேரவில்லை என்பது எனக்கும் விசித்திரமாகத்தான் படுகிறது. நீ சொன்னதாலல்ல, எதையும் பாதியில் விடுகிற சுபாவம் எனக்கில்லாததால், நேரில் விசாரிக்கப்போகிறேன். கொட்டகையில் பாட்டில் மாட்டிய நர்ஸ் பேர் மேரிசெல்வியாம். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அவள் சொல்வதை உள்ளபடி உனக்கு எழுதுகிறேன். அதன்பின் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும்.

வைத்திலிங்கம்


பண்ருட்டி
29-8-1965

கொளஞ்சியப்பன் அப்பாவுக்கு,

விசாரித்து எழுதுகிறேன் என்றீர்கள். ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது. தபால்காரர் எங்கள் வாசலைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதிலிருந்தே தெரிந்துகொள்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு காரியமாக. கம்மாபுரத்துப் பக்கம் நம் ஊரில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போன வருஷம் வந்த நோட்டீசில், அவனைப் புதைத்த இடுகாடும் சேர்ந்திருக்கிறதாம். சுரங்கத்தில் மேலே வெட்டி எடுக்கிற மண்ணை அந்தப் பக்கமாகத்தான் கொட்டப்போகிறார்களாம். நானும் அண்ணனும் போய் நிலக் கணக்கு எழுதும் கர்ணத்தைப் பார்த்தோம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "புதுக் குழியா இருந்தா எடுத்து வேற எடத்துல வெக்க ஆள் வுடுவாங்கம்மா. நாலஞ்சு குடும்பம் ஏற்கெனவே எடுத்துட்டாங்க. ஆனா தகப்பன் வந்து நெலம் எடுப்பு ஆபீசுல சொல்லணும். தாய்மாமன் சொன்னாலும் செல்லாது, நீ சொன்னாலும் செல்லாது" என்றார்.

தகப்பன் என்று அவர் சொன்னபோது அண்ணன் தரையைப் பார்த்தார்.

நீங்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து எழுந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டிய காரியம்தான். எனக்காகக் கேட்கவில்லை. உங்களுக்கு அவன் யாராகவோ இருக்கட்டும். உங்கள் சாப்பாட்டைச் சைக்கிளில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்து கொடுத்த பையன் என்று நினைத்தாவது செய்யுங்கள்.

அண்ணி, மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய் உங்கள்மேல் பிராது எழுதிக் கட்டச் சொன்னாள். அவன் பேர்கொண்ட சாமிதானே, கேட்கும் என்றாள். போனேன். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாரிக்காரன்மேல் எழுதுவதா, ஆஸ்பத்திரிமேல் எழுதுவதா, உங்கள்மேல் எழுதுவதா என்று தெரியவில்லை. வெறும் காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வள்ளியம்மாள்


நெய்வேலி
17-10-1965

வள்ளியம்மாளுக்கு,

உடம்பு சரியில்லாததால் பதில் எழுதத் தாமதம். யுத்த சமயம், ஆபீசிலும் வேலை அதிகம்.

நான் நிறைய யோசித்தேன். பழையதையெல்லாம் மறந்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். சிறு வயதில் மனிதர்கள் தவறு செய்வது உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் நீ இந்த வீட்டைக் குறைவில்லாமல் நடத்தினாய் என்பதையும் பார்க்க வேண்டும். நான் உன்னை மன்னித்துவிட்டதாகவே வைத்துக்கொள். வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சேலம், திருநெல்வேலி, கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். நம் கதை யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குள் வந்துவிடலாம்.

நர்ஸிடம் விசாரித்ததில் குறிப்பாக எழுத ஒன்றுமில்லை.

இடுகாட்டு விஷயம். நிலம் எடுப்பு ஆபீஸ் என்றால் சங்கரலிங்கத்தின் மேஜை. அவன் முன்னால் போய் நின்று விண்ணப்பித்துக்கொள்ள என்னைக் கேட்காதே. இதற்கெல்லாம் முறை இருக்கிறது. கொட்டுவதற்கு முன்னால் மறுபடியும் தெரிவிப்பார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

வைத்திலிங்கம்


பண்ருட்டி
6-11-1965

வைத்திலிங்கம் அவர்களுக்கு,

உறைமேலும் இங்கேயும் உங்கள் பேரை நானே எழுதினேன். தமயந்தி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த நாள் மேரிசெல்வி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் அக்கா சகாயம்மாள் இங்கேதான் இருக்கிறாளாம். தன் ஆட்கள் குழிக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நின்றபோது நம் பையன் ஞாபகம் வந்துவிட்டதாம். வாசலில் நின்று உள்ளே வர மாட்டேன் என்றாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்தப் பாட்டிலில் இருந்தது டெக்ஸ்ட்ரானாம். ரத்தம் நிறையப் போய்விட்டால் நாடி விழுந்துவிடாமல் இருக்க அதை ஏற்றுவார்களாம். "அது ரத்தம் இல்லீங்க. ரத்தம் கெடைக்கிற வரைக்கும் ஆள நிறுத்தி வெக்கும், அவ்ளோதான்" என்றாள். அதை ஏற்றுவதற்கு முன்னால் அவன் ரத்தத்தைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். எப்போதும் அப்படித்தான் செய்வார்களாம். அன்றைக்கு நாடியே கிடைக்கவில்லை. கொட்டகை டாக்டர், முதலில் பாட்டிலை மாட்டு என்று கத்தியிருக்கிறார். மாட்டிவிட்டாள்.

"அந்த மருந்து உள்ள போயிட்டா ரத்தத்துல இருக்கிற அணுவெல்லாம் காசு அடுக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்ங்க. அப்புறம் எடுத்து யார் ரத்தத்தோட கலந்து பாத்தாலும் கட்டிக்கினு, சேராத மாதிரியே தெரியும். உப்புத்தண்ணி வுட்டு அலசிப் பாத்தா பிரிஞ்சிடும். ஆனா டெக்ஸ்ட்ரான் போட்டிருக்குன்னு சொன்னாத்தான அவங்களுக்குத் தெரியும்? ஒரு சீட்டுல எழுதி அனுப்ப டாக்டருக்கும் தோணல, எனக்கும் தோணல" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கியதும் அதே லாரியில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். காலிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அழவில்லை. அவள்தான் அழுதாள். அந்தப் பாட்டில் இல்லாவிட்டால் அவன் குள்ளஞ்சாவடிவரை வந்திருக்கமாட்டான் என்று அவளுக்கு நான் சொன்னேன். லீவு போடவில்லையே என்று உங்களைப் பற்றிக் கேட்டிருக்கவும் மாட்டான்.

பிறகு அவள் சொன்னாள்: "ஆடி மாசமே ஐயா வந்து கேட்டாரே, உங்ககிட்ட சொல்லலீங்களா?"

என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாட்டிலக் காட்டச் சொன்னாரு. காலிப் பாட்டில் ஒண்ணு கெடந்தது, குடுத்தேன். அது மேல இருந்த எழுத்தப் படிச்சுக்கினே ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் துடைச்சு மேஜைமேல வெச்சிட்டுப் போயிட்டாரு."

எல்லாம் தெரிந்த பிறகுதான் என்னை மன்னித்திருக்கிறீர்கள்.

அப்படியானால் உங்கள் ரத்தம் சேர்ந்திருக்குமா என்று அவளைக் கேட்டேன். சேர்ந்திருக்கலாம், சேராமலும் போயிருக்கலாம், இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றாள். ஆகவே உங்களுக்கு எந்தப் பக்கமும் ருசு கிடையாது. என் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. அது முதலிலிருந்தே இருந்தது. அதை ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் ரத்தம் அவனுக்கு ஏறாமல் போனதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். மண் போடவிடாமல் உங்கள் கையை யார் பிடித்தார்கள்?

நான் வரமாட்டேன். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஊர்ப்பக்கம் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன என்கிறார்கள். சங்கரலிங்கம் முன்னால் போய் நின்று, 'என் மகன், குழியை மாற்ற வேண்டும்' என்று சொல்லுங்கள். நீங்கள் போகிறேன் என்று ஒரு வரி எழுதினால் அண்ணனும் நானும் மண்வெட்டியோடு வந்து நிற்போம்.

வள்ளியம்மாள்


நெய்வேலி
9-1-1966

வள்ளியம்மாளுக்கு,

நீ எழுதி இரண்டு மாதமாகிறது. ஒரு வரி எழுதச் சொன்னாய். தினமும் எழுத உட்கார்ந்தேன்.

ஆடி மாதம் தெரிந்துகொண்டதை ஏன் உனக்கு எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவன் என் மகன் இல்லை என்றால், என் ரத்தம் அவனுக்கு உதவாமல் போனது இயற்கை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அப்படி நினைத்தவரை நான் நன்றாகத் தூங்கினேன். அவன் என் மகன் என்றால், அவனுக்கு வேண்டிய ரத்தத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நின்று உன்மேல் வழக்கு ஜோடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டில் எதைத் தாங்க முடியுமோ அதை எடுத்துக்கொண்டேன். உன்னை அனுப்பிவிட்டதுகூட அதை எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் யுத்தத்துக்காக டவுன்ஷிப்பில் ரத்தம் எடுத்தார்கள். வரிசையில் நின்று கொடுத்தேன். சுருக்கமாகப் பரிசோதித்து, நல்ல ரத்தம் என்று வாங்கிக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். எந்தச் சிப்பாய்க்குப் போயிற்றோ தெரியாது. காப்பியைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

போன திங்கட்கிழமை சங்கரலிங்கத்தைப் பார்க்கப் போனேன். அவன் மேஜைக்கு முன்னால் நின்றேன். "உக்காருங்க சார்" என்றான். நின்றபடியே சொன்னேன்: "என் மகன் கொளஞ்சியப்பன். எங்கள் ஊர் இடுகாட்டில் இருக்கிறான். எடுத்து மாற்ற வேண்டும்." இதைச் சொல்ல நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அவன் சிரிக்கவில்லை, இளக்காரமாகப் பார்க்கவில்லை. எழுந்து நின்றுவிட்டான். "கொஞ்சம் முன்னால வந்திருக்கக்கூடாதா சார்" என்றான். பிறகு ஜீப்பை வரவழைத்துத் தானே கூட ஏறிக்கொண்டான். இத்தனை வருஷம் நான் வெறுத்த ஆள் வழிநெடுக என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அவனை வெறுக்கவும் இனி எனக்கு வழியில்லை.

அங்கே இடுகாடு இல்லை. ஒரு மலை இருக்கிறது. ஏரிக்கரை, வண்டிப்பாதை, ஒன்றையும் காணோம். சாம்பலும் சிவப்புமாக, பனை உயரத்துக்கு மண். அதன்மேல் இன்னும் லாரிகள் ஏறிக்கொண்டிருந்தன. காவலுக்கு இருந்தவர் இருதயசாமி என்று ஒரு வயதானவர். "எந்த எடம் சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. புதைத்த அன்று நான் குழியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றேன். ஒரு புளியமரம் பக்கத்தில் இருந்தது என்றேன். "அது நுனி கார்த்திகை வரைக்கும் தெரிஞ்சுக்கினு இருந்துச்சுங்க" என்றார்.

அவர்களைப் போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். அள்ளிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அதைப் போட இடமில்லை என்று. அங்கே இருப்பதெல்லாம் அவன்மேல் போட்ட மண்தான். பேர் தெரியாத லாரிக்காரர்கள் எல்லோரும் போட்டாகிவிட்டது. எடுத்த இடத்திலேயே அதை விட்டேன். இரண்டாவது பிடியையும் அப்படியே விட்டேன். மூன்றாவது பிடி கைக்குட்டையில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று பட்டது. உன் வீட்டிலும் அதை வைக்க இடமிருக்காது.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. இதற்குப் பதிலும் எதிர்பார்க்கவில்லை. உன் பழைய கடிதங்களில் தலைப்பை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கொளஞ்சியப்பன் அப்பா